சுவர் ஏன் வியர்க்கிறது?
குளிர்சாதன நகரில் ஈரத்தைத் தடுக்கும் வழிகள் பற்றி ஓர் ஆய்வு

மண்பானையும் வியர்க்கும், ஐஸ் போட்ட தம்ளரும் வியர்க்கும். பானையின் மேல் தெரியும் ஈரம் உள்ளிருக்கும் தண்ணீர் மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்தது. தம்ளரின் மேல் தெரியும் ஈரம் சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து உணவங்காடியில் ஐஸ் தேநீர்க் குவளையின் அடியில் வட்டமாகத் தேங்கும் நீரைக் கண்டு குவளை ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. அதே ஈரம் படுக்கையறைச் சுவரிலோ, பீரோவின் பின்புறத்திலோ, சிராங்கூன் சாலைக் கடையொன்றின் ஃபால்ஸ் சீலிங்கிலோ தெரிந்தால் மட்டும் முதல் சந்தேகம் குழாயின் மேல் விழுகிறது. கசிவா, வியர்வையா என்று பிரித்தறியாமலே பழுதுபார்ப்பு தொடங்கிவிடுகிறது.

குளிரும் வெம்மையும் சந்திக்கும் ஒரு சிறிய அறைக்குள் காற்றிலிருக்கும் ஆவி நீராக மாறுவதை எப்படித் தடுப்பது? குளிர்நாடுகளில் இது பழைய கேள்வி. பனிக்காலத்தில் கேரவன் என்னும் இழுவை வண்டிக்குள் படுத்துறங்குவோர் ஒவ்வொரு விடியலிலும் அதை எதிர்கொள்கிறார்கள்: கண்ணாடியில் நீர் ஓடும், மெத்தையின் அடி நனைந்திருக்கும். சிங்கப்பூரில் பனிக்காலமும் இல்லை, கேரவன் வாழ்க்கையும் இல்லை. ஆனால் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுப் படுக்கையறை அதே கணக்கின் மறுபக்கம். அங்கே குளிர் வெளியில், ஈரம் உள்ளே. இங்கே குளிர் உள்ளே, ஈரம் வெளியில். குளிர்நாட்டில் பிறந்த விடைகள் இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமலே கப்பலேறி வந்துவிட்டன என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் குழப்பம்.

பனி பெய்வதில்லை

'பனி பெய்கிறது' என்றே சொல்கிறோம். வானிலிருந்து அது இறங்குகிறது என்ற எண்ணம் பல மொழிகளிலும் உண்டு. அதை முறையாகச் சோதித்தவர்களில் முதன்மையானவர் லண்டனில் மருத்துவராயிருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். கம்பளிப் பஞ்சுகளை எடைபோட்டு இரவில் தோட்டத்தில் வைத்து, விடியலில் மறுபடி எடைபோட்டார். 1814-இல் வெளியான அவருடைய நூல், இரவில் பொருள்கள் வெப்பத்தை வானுக்கு இழந்து முதலில் குளிர்கின்றன, அதன்பின்தான் அவற்றின் மேல் பனி படிகிறது என்று காட்டியது. பனி குளிரின் விளைவு. குளிருக்குக் காரணம் பனியில்லை. இந்த வரிசையை மறந்தவர்கள் இன்றும் ஈரச் சுவரைக் கண்டால் ஈரத்தைத் துடைக்கிறார்களே தவிர, சுவர் ஏன் குளிர்ந்தது என்று கேட்பதில்லை.

காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறோம். சிங்கப்பூரின் நெடுங்காலச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ், சராசரி ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 82 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தால் பனிநிலை 24 முதல் 25 டிகிரிக்குள் வருகிறது. 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும், வெளிக்காற்று பட்டால், வியர்க்கும். ஏர்கானைப் பலர் வைக்கும் அளவும் அதுவே அல்லது அதற்குக் கீழே. நகரத்தின் ஈரப் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு தற்செயலில் அடங்கியிருக்கிறது எனலாம்.

துளி தெரிந்தால்தான் கேடு என்பதும் இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் நடந்து 1991-இல் நிறைவடைந்த ஓர் ஆய்வுத் திட்டம், ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் மாதச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் வளர வாய்ப்புண்டு என்ற அளவுகோலைத் தந்தது. பின்வந்த பல கையேடுகள் அதைப் பின்பற்றின. சிங்கப்பூரின் வெளிக்காற்றே ஆண்டு முழுதும் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்பதை நினைத்தால், ஐரோப்பிய அளவுகோல் இங்கே எவ்வளவு பயன்படும் என்ற ஐயம் இயல்பாகவே எழும். தோல்செருப்பும் இடைவாரும் எந்தக் குளிர்ச்சுவரின் உதவியும் இல்லாமலே இங்கு பூசணம் பூக்கின்றன.

ஜன்னலைத் திற என்போர்

நகரின் முதல் விடை காற்றோட்டம். அது ஈரத்தைப் பற்றிய கவலையில் பிறக்கவில்லை. காசநோயைப் பற்றிய கவலையில் பிறந்தது. பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் 1907-இல் சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து அளித்த அறிக்கை, கடைவீடுகளைத் தடுப்புகளால் கூறுபோட்டு உருவான, ஜன்னலற்ற இருட்டறைகளைக் கடுமையாகக் குறைகூறியது. வரிசை வீடுகளுக்குப் பின்னால் சந்துகளைத் திறந்துவிடும் வேலையும், 1927-இல் உருவான சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையும் அந்த விவாதத்தின் தொடர்ச்சி. 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய தொடக்கக்கால அடுக்குமாடிகளில் முன்வாசலும் பின்ஜன்னலும் எதிரெதிரே அமைந்ததும் அதே கொள்கையின் வழிதான். மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ இருவரும் 1956-இல் ஈரவெப்ப நாடுகளின் கட்டடக்கலை பற்றி எழுதிய நூல் இந்தக் கட்சிக்கு இலக்கணம் வகுத்தது: நிழல் கொடு, காற்றை ஊடாடவிடு, சுவரை மெலிதாக்கு.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடு இதற்கு நல்ல சான்று. 1989 ஜூலையில் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, டன்லப் தெரு என எங்கே நின்று பார்த்தாலும் அமைப்பு ஒன்றுதான். முன்னே ஐந்தடி நடைபாதை வெயிலையும் மழைச்சாரலையும் சுவரிலிருந்து விலக்கி வைக்கிறது. நடுவே திறந்த முற்றம் சூடான காற்றை மேலேற்றுகிறது. செங்கல் சுவரின் மேல் சுண்ணாம்புப் பூச்சு.

சுண்ணாம்பைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். நம் 'சுண்ணம்' ஆங்கிலேயர் வாயில் 'சுனம்' ஆகி, மதராஸ் சுனம் என்ற பெயரோடு சிங்கப்பூருக்கு வந்தது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1860-களின் தொடக்கத்தில் நிறைவுற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கரடுமுரடான சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசியதாகப் பதிவு உண்டு. சுண்ணாம்புக்கு இரண்டு குணங்கள். ஈரத்தை உறிஞ்சி, காற்று காய்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். புதிதாக இருக்கையில் அதன் காரத்தன்மை பூசணத்தை அண்டவிடாது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கத்தில் அழகோடு இந்தச் சுகாதாரமும் கலந்திருந்தது. காலப்போக்கில் அந்தக் காரம் தணிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்ததன் பொருளும் அதுதான். அதே சுவரின் மேல் காற்றுப் புகாத நவீன பெயிண்ட்டை அடித்தால், தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட்டையே உப்பவைத்து உரிக்கிறது. பழைய கட்டடங்களைப் பேணுவோர் சுவாசிக்கும் பூச்சைக் கேட்பது இதனால்தான்.

காற்றோட்டக் கட்சியின் வலிமை பிற்பகலில் தெரியும். மழையற்ற நாளில் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஒப்பு ஈரப்பதம் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். இரவில் ஏறிய ஈரத்தை அந்தச் சில மணி நேரம் இறக்கிவிடுகிறது. எல்லாப் பரப்புகளும் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பதால் வியர்ப்பதற்கும் இடமில்லை. பலவீனம் வெளிப்படையானது: ஈரக்காற்றால் ஈரத்தை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தொடர்ந்து பெய்யும் டிசம்பர் நாட்களில், அப்பளம் நமத்துப்போவதை எந்த ஜன்னலாலும் தடுக்க இயலாது. வீட்டின் ஏதோ ஓர் அறையில் ஏர்கான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்த விடை பாதி உண்மையாகிவிட்டது. ஒரே வீட்டில் திறந்த ஜன்னலும் குளிர்ந்த சுவரும் சேர்ந்திருப்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

கேரவன் பாடம் தலைகீழாகும்போது

குளிர்நாட்டு விடை மூன்று பகுதிகள் கொண்டது. ஆவியை உண்டாக்காதே; உண்டான ஆவியை வெளியே தள்ளு; குளிர்ந்த பரப்பைச் சூடாக்கு அல்லது மூடு. கேரவன் இதற்கு ஏற்ற சோதனைக்கூடம், ஏனென்றால் இடம் சிறிது, கணக்கு எளிது. உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் காற்றில் விடுகிறார் என்று கொண்டால், இருவர் எட்டு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் விடுவார்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது, மூச்சுத்திணறி இறக்கும் அபாயம் வேறு. வெளியே உறைநிலையில் இருக்கும் காற்றில் கனமீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவான ஆவியே இருக்கும். ஆகவே ஜன்னலைச் சிறிது திறந்தால் ஈரக்காற்று போய் உலர்காற்று வரும். அங்கே அது முற்றிலும் சரியான ஆலோசனை.

சிங்கப்பூரின் வெளிக்காற்றில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராம் ஆவி. 24 டிகிரியில் 60 விழுக்காட்டு ஈரப்பதத்தோடு இருக்கும் ஏர்கான் அறைக்காற்றில் ஏறத்தாழ 13 கிராம். முப்பது கனமீட்டர் படுக்கையறையின் காற்று ஒருமுறை முழுதாக மாறினால் ஒரு தம்ளர் தண்ணீருக்கும் சற்றுக் கூடுதலாக உள்ளே வந்து சேர்கிறது. குளிர்நாட்டில் ஈரத்தை வெளியேற்றும் அதே ஜன்னல் இங்கே ஈரத்தை உள்ளே அழைத்துவருகிறது.

சுவருக்குள் ஆவி புகாமல் தடுக்கும் படலமும் இப்படியே. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுச் சுவர்களில் வெப்பக்காப்பு அடைக்கத் தொடங்கியதும் வெளிப் பெயிண்ட் உரிந்தது. யார் குற்றம் என்ற சண்டை மூண்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரவுலி செய்த ஆய்வுகளைத் தொடர்ந்து, சுவரின் உட்பக்கத்தில், அதாவது வெப்பமான பக்கத்தில், ஆவித்தடுப்புப் படலம் வேண்டும் என்பது விதியாயிற்று. 1950-களின் இறுதியில் ஜெர்மானியர் கிளேசர் அதற்கொரு எளிய கணக்கிடும் முறையையும் தந்தார். அந்த முறை ஆவி பரவுவதை மட்டும் கணக்கிட்டது. இடுக்குகள் வழியே காற்றோடு சேர்ந்து நுழையும் ஆவியையும், செங்கல்லும் காரையும் தேக்கிவைக்கும் ஈரத்தையும் விட்டுவிட்டது என்பது பின்னாளில் வந்த கண்டனம்.

ஈரவெப்ப நாட்டில் வெப்பமான பக்கம் வெளிப்பக்கம். அங்கே இருக்கவேண்டிய தடுப்பை உள்ளே ஒட்டினால் என்ன ஆகும் என்பதை வினைல் வால்பேப்பர் காட்டித்தருகிறது. வெளியிலிருந்து மெல்ல ஊடுருவும் ஆவி, குளிர்ந்த அறையை ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக் தாளின் முதுகில் வந்து நிற்கும். தாளின் முகம் பளிச்சென்று இருக்க, முதுகில் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பூசணம் படரும். கனமான கான்கிரீட் சுவர்களில் இது மெதுவாகவே நடக்கும் என்பதால் எல்லா வீடுகளிலும் நேரும் என்று சொல்வது மிகை. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் நேர வாய்ப்பு அதிகம்.

அடைத்துக் குளிர்விப்போர்

குளிர்சாதனம் பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் புரூக்ளின் அச்சகமொன்றில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவியே நவீன ஏர்கானின் மூதாதை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மனிதர்களின் சுகம் பிறகுதான் வந்தது. சிங்கப்பூரில் 1939 அக்டோபரில் திறந்த கேத்தே திரையரங்கில் குளிர்சாதனம் இருந்தது. லீ குவான் யூ இக்கருவியை வெப்பமண்டல நாடுகளின் முன்னேற்றத்துக்கு அடிப்படை என்று பலமுறை போற்றியிருக்கிறார். பிரதமரானதும் அரசாங்க ஊழியர் அலுவலகங்களில் அதைப் பொருத்தியது தாம் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று என்றும் கூறியிருக்கிறார். இன்று பத்தில் ஏறத்தாழ எட்டு வீடுகளில் ஏர்கான் உண்டு.

இந்தக் கட்சியின் வாதம் எளிது: கதவை மூடு, வெளிக்காற்றை அளந்து விடு, குளிர்சுருளில் ஈரம் வடிந்து குழாய் வழியே போகட்டும். ஒழுங்காகப் பராமரிக்கும் அலுவலகத்தில் இது வேலை செய்கிறது. குளிர்சாதனக் கட்டடங்களின் காற்றுத் தரத்துக்கான சிங்கப்பூர் நெறிமுறை எஸ்எஸ் 554, வெப்பநிலையோடு ஒப்பு ஈரப்பதத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது; புதிய கட்டடங்களுக்கு 65 விழுக்காடு. அருங்காட்சியகங்களில் பொதுவாகக் கருவிகள் இரவும் ஓடுவதால் அங்கே நிலைமை ஏறி இறங்குவதில்லை.

வீடுதான் சிக்கல். வீட்டு ஏர்கான் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஓடுகிறது. ஈரத்தை வடிப்பது அதன் உபதொழில். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய கருவியைப் பொருத்தினால் அது சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் வடிய நேரமிருக்காது. கம்ப்ரஸர் நின்றபின் விசிறி மட்டும் ஓடினால் சுருளில் ஒட்டியிருக்கும் நீர் மறுபடி ஆவியாகி அறைக்குத் திரும்பும். ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வு இதை 2000-களில் அளந்து காட்டியது. அறை பிசுபிசுப்பாக இருக்கிறதென்று வெப்பநிலையை இன்னும் இரண்டு டிகிரி குறைப்பதே பலரின் கைவைத்தியம். சுவர்கள் பனிநிலையைவிட்டு இன்னும் கீழே போக, அடுத்த அறையின் பக்கம் ஈரம் கூடுகிறது.

இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பதினைந்து சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரின் ஒரு பக்கம் 22 டிகிரிப் படுக்கையறை, மறுபக்கம் ஜன்னல் திறந்த 28 டிகிரிக் கூடம். தோராயமான கணக்கில் கூடத்துப் பக்கச் சுவரின் மேற்பரப்பு 25.5 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். பனிநிலைக்கு மேலே இருப்பதால் துளி தெரியாது. ஆனால் அந்தப் பரப்பை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பூசணத்துக்கு அது போதும். படுக்கையறையை 18 டிகிரிக்கு இறக்கினால் துளியே தெரியலாம். அந்தச் சுவரோடு ஒட்டி ஓர் அலமாரியை வைத்தால் கூடத்தின் வெம்மை சுவரை எட்டாது, சுவர் மேலும் குளிரும். பட்டுப்புடவை இருக்கும் அலமாரியாக அது இருந்துவிட்டால் ஜரிகை கறுப்பதையும் காணலாம். உள்ளே போட்டுவைக்கும் பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை ஒரு சொட்டும் குடிக்காது.

இன்னொரு வேளை விடியல். இரவெல்லாம் 20 டிகிரியில் இருந்த அறையில் ஏழு மணிக்கு ஏர்கானை அணைத்து, 'காற்று வரட்டும்' என்று ஜன்னலைத் திறக்கிறார்கள். நாளிலேயே ஈரம் மிகுந்த நேரம் அது. வெளிக்காற்றின் பனிநிலை 23 டிகிரிக்கு மேல். சுவரும் கண்ணாடியும் பீரோவின் தகடும் இன்னும் 21-இல். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் எல்லாவற்றின் மேலும் படிகிறது. தினமும் சில மணி நேர நனைவு பூசணத்துக்கு எவ்வளவு உதவும் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பகலில் எவ்வளவு காய்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அறை தானே சூடேறியபின் திறப்பது இழப்பில்லாத வழி.

உலர்த்துவது தனி, குளிர்விப்பது தனி

இரண்டு வேலைகளையும் ஒரே சுருளின் தலையில் கட்டவேண்டாம் என்பது நான்காம் கட்சி. என் மதிப்பீட்டில் இதன் தர்க்கமே வலுவானது. செலவுதான் இதன் எதிரி.

இதன் பெருஞ்சான்று கரையோரப் பூந்தோட்டங்களில் இருக்கிறது. 2012-இல் திறந்த மலர்க்கூடமும் மேகக்காடும் ஒரு வகையில் உலகின் மிகப்பெரிய கேரவன்கள்: ஈரவெப்ப நாட்டின் நடுவே கண்ணாடிக்குள் குளிர். செடிகள் ஆவிவிட்டுக்கொண்டே இருக்கும், ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பலகைகள் வெயிலை வாங்கும். அங்கே காற்றைக் குளிர்விப்பதற்கு முன் திரவ உறிஞ்சி ஒன்றின் வழியே செலுத்தி ஈரத்தை எடுத்துவிடுகிறார்கள். ஈரம் குடித்த உறிஞ்சியை மறுபடி உலர்த்த, மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கையில் மிஞ்சும் வெப்பம் பயன்படுகிறது. ஈரத்தை வடிப்பதற்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குளிரவைக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழுவொன்று 2018-இல் அறிவித்த கருவியும் இதே வழியில் சென்றது: காகிதம் போன்ற ஒரு சவ்வு ஈரத்தைப் பிரிக்க, கம்ப்ரஸர் இல்லாமல் நீரே குளிர்விக்கும். ஆய்வகத்திலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்கு இவை வந்துசேரும் பாதை நீளமானது.

அதற்கு அப்பால் சென்ற துணிச்சலான சோதனை, டோவரில் உள்ள அனைத்துலகப் பள்ளி வளாகத்தில் அமைத்த 'குளிர்க்குழல்' மண்டபம். அதன் முடிவுகள் 2020-இல் வெளியாயின. குளிர்ந்த பலகை உடலின் வெப்பத்தை நேராக வாங்கிக்கொள்ளும், காற்றைக் குளிர்விக்கவே வேண்டாம் என்பது கதிர்முறைக் குளிர்ச்சியின் கொள்கை. இந்தக் காலநிலையில் அத்தகைய பலகை மழைபோல் வியர்க்கும் என்பதால் பலர் அதைத் தொடத் தயங்கினார்கள். ஆய்வாளர்கள் பலகைக்கும் காற்றுக்கும் நடுவே, வெப்பக்கதிரை விட்டு ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய படலத்தை வைத்தார்கள். காற்று ஏறத்தாழ 30 டிகிரியில் இருந்தபோதும் உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சுகமாக உணர்ந்ததாகப் பதிவானது. வெல்ஸ் கண்ட வரிசையை இது நேராகப் பயன்படுத்துகிறது: பரப்பு குளிரட்டும், ஆவி மட்டும் அதை எட்டவேண்டாம்.

வீட்டளவில் இந்தக் கட்சியின் கருவி ஈரநீக்கி. அது வேலை செய்யும், ஆனால் இலவசமாக அல்ல. ஒரு கிலோ ஆவியை நீராக்கினால் ஏறத்தாழ 0.7 கிலோவாட்-மணி வெப்பம் அறைக்குள்ளேயே வெளிப்படும், கருவியின் மின்சாரமும் வெப்பமாகச் சேரும். பெட்டிக்கடையில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள் உதவும். ஜன்னல் திறந்த அறையில் அதை வைப்பது கடலை வாளியால் இறைப்பது.

குளிர்ச்சியையே குறைத்துக்கொள்ளலாமே என்ற குரலும் உண்டு. டி டியர், லியோ, ஃபூ ஆகியோர் 1991-இல் வெளியிட்ட சிங்கப்பூர்க் கள ஆய்வில், காற்றோட்டக் கட்டடங்களில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 28.5 டிகிரியும், குளிர்சாதனக் கட்டடங்களில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 24 டிகிரியும் நடுநிலையாகத் தோன்றின. பழக்கம் சுகத்தின் அளவை மாற்றுகிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடம் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, கூரை விசிறியால் ஈடுசெய்கிறது. 25 டிகிரிக்குக் குறைய வேண்டாம் என்ற தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அறிவுரை மின்சாரத்தை நினைத்துச் சொல்லப்பட்டது. பனிநிலைக்கு மேலே நிற்கும்படி சொல்வதாகவும் அதை வாசிக்கலாம். இந்த வழி எல்லா நோய்க்கும் மருந்தில்லை: 26 டிகிரியில் மெதுவாக ஓடும் இன்வர்ட்டர் ஏர்கான் குறைவாகவே ஈரத்தை வடிக்கும், சுவர் வியர்க்காது, காற்று பிசுபிசுக்கும்.

யார் தலையில் கட்டுவது

நுட்பம் முடியும் இடத்தில் வழக்கு தொடங்குகிறது. இங்கிலாந்தில் பூசணம் பற்றிய நெடுநாள் விடை 'வாழ்க்கைமுறை' என்பதாயிருந்தது: வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்குள் துணி காயப்போடுகிறார், கொதிக்கவைக்கிறார், ஜன்னலைத் திறப்பதில்லை. ராச்டேல் நகரில் 2020-இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்து, வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022-இல் விசாரணை முடிவுசெய்தபின் அந்த வாதம் நிற்கவில்லை. 2023-இல் அங்கே வந்த சட்டம் சமூக வீடுகளின் உடைமையாளர் குறித்த காலத்துக்குள் சரிசெய்யும் கடமையை வகுக்க வழிசெய்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரவீட்டுக்கும் ஆஸ்துமா முதலிய மூச்சுநோய்களுக்கும் தொடர்பைப் போதிய சான்றோடு ஏற்றது. எவ்வளவு பூசணம் வரை பாதுகாப்பு என்ற எண்ணை மட்டும் அது தரவில்லை, தரமுடியவில்லை.

சிங்கப்பூரில் வழக்கின் வடிவம் வேறு. பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருப்பதால் எதிராளி மேல்மாடிக்காரர். வீவக வீட்டில் மேல்தளத்திலிருந்து கூரை ஒழுகினால் மேல்வீடும் கீழ்வீடும் பொறுப்பைப் பகிரவேண்டும். அது கசிவுக்கான ஏற்பாடு. மேல்மாடி படுக்கையறை இரவெல்லாம் குளிர்ந்து, அதன் தரையின் அடிப்பரப்பு கீழ்வீட்டுக் கூடத்தில் வியர்த்தால் அது கசிவா? குளிரவைத்தவர் குற்றமா, ஜன்னலைத் திறந்துவைத்தவர் குற்றமா? இரண்டும் குற்றமில்லை என்பதே இதன் சங்கடம்.

தெங்கா புதுநகரம் இதை இன்னொரு தளத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே கூரைமேல் அமைத்த மையக் குளிர்விப்பு நிலையத்திலிருந்து குளிர்நீர் குழாய் வழியே வீடுகளுக்கு வருகிறது. மின்சாரம் சேமிக்கும் நல்ல ஏற்பாடு; கூடவே, பனிநிலைக்கு வெகு கீழே இருக்கும் நீர் நீண்ட தூரம் ஈரக்காற்றின் நடுவே பயணம் செய்கிறது. 2023-இல் முதல் குடியிருப்பாளர்கள் வந்தபோது சில வீடுகளில் நீர் சொட்டுவது பற்றிய புகார்கள் செய்திகளில் அடிபட்டன. குளிர்நீர் குழாயின் உறையில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று புகுந்து வியர்க்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பல நூறு வீடுகளில் ஒவ்வொரு மூட்டும் பழுதின்றி அமையவேண்டும் என்பதே இத்தகைய ஏற்பாட்டின் கடினம்.

1990-களின் இறுதியிலிருந்து கட்டிய வீடுகளில் உள்ள பாம் ஷெல்டர் அறையையும் இங்கே குறிப்பிடலாம். தடித்த கான்கிரீட், எஃகுக் கதவு, ஜன்னல் கிடையாது. போருக்காக அமைத்ததை எல்லாரும் சாமான் அறையாக்கினோம். காற்றோட்டக் கட்சிக்கும் குளிர்சாதனக் கட்சிக்கும் அந்த அறையில் இடமில்லை. கதவைத் திறந்துவைப்பதைத் தவிர யாரிடமும் விடையில்லை.

இன்னும் தீராதவை

சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முழுதும் திறந்த அறையும் நாள் முழுதும் சீராகக் குளிர்ந்த அறையும் ஈரத்தால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. தொல்லை இரண்டுக்கும் நடுவே: பகுதி நேரம் குளிர்ந்து பகுதி நேரம் திறந்திருக்கும் வீட்டில், கதவைத் திறந்துவைத்தே ஏர்கான் ஓட்டும் கடையில். நகரத்தின் பெரும்பாலான வீடுகளும் லிட்டில் இந்தியாவின் கணிசமான கடைகளும் இந்த நடுநிலத்தில்தான் இருக்கின்றன. நெறிமுறைகளோ இரு முனைகளுக்கே எழுதப்பட்டுள்ளன.

பகுதி நேரக் குளிர்ச்சியில் பூசணத்துக்கான வாசல் எது என்பது திறந்த கேள்வி. மாதச் சராசரி 80 விழுக்காடு என்ற ஐரோப்பிய எண், தினமும் 60-க்கும் 95-க்கும் இடையே ஊசலாடும் பரப்புக்கு எதைச் சொல்கிறது என்பது தெளிவில்லை. வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பார்த்து ஓடும் கருவி சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் எப்போது வரும் என்பது இன்னொன்று. சுண்ணாம்புப் பூச்சும் முற்றமும் கொண்ட கடைவீட்டின் மேல்மாடியை மட்டும் அடைத்துக் குளிர்விக்கும்போது பழைய சுவருக்குள் என்ன நிகழ்கிறது என்பதும் கூர்ந்து பார்க்கவேண்டியது. சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை உயரலாம் என்கிறது. ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஆவியைத் தாங்கும். பனிநிலையும் ஏறக்குறைய கூடவே ஏறும். இன்று வியர்க்காத சுவர் அன்று வியர்க்கக்கூடும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரிலோ கூரையிலோ ஈரத்தைக் கண்டால், குழாய்க்காரரை அழைப்பதற்கு முன் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, சுவரின் இருபுறமும் மூன்று நாள் ஏர்கானை நிறுத்திப் பாருங்கள். மறுபடி நனைந்தால் கசிவாக இருக்கலாம். காய்ந்தே இருந்தால் பழுது தண்ணீர்க் குழாயில் இருக்க வாய்ப்பு குறைவு.